பட்மின்டன் குழுவில் ஒரே ஒரு ஆள்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் மெல்பேர்ண் அலுவலகத்தில், பக்கத்து மேசை லியம் கதிரையை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"வசந்தி, நீங்கள் பட்மின்டன் விளையாடுவீர்களா?" என்று கேட்டான்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இரண்டு முழங்காலும் சொன்ன சொல் கேட்பதில்லை. ரயில் நிலையப் படியில் மூன்று தடவை 'முருகா' சொல்லித்தான் மேலே போய்ச் சேருவேன். அப்படிப்பட்டவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். நானோ தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கப்போய்ப் பாதியை விசைப்பலகையில் ஊற்றிவிட்டேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பனிகளில் ஈமெயில் விலாசங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் இருக்கும். அதில் ஆட்களின் பெயரோடு குழுக்களின் பெயரும் இருக்கும். 'கணக்குப் பிரிவு' என்று ஒரு குழு இருந்தால், அந்த ஒரு விலாசத்துக்குப் போடும் கடிதம் அந்தப் பிரிவில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேரும். ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள், குழு போகாது. ஏதோ ஒரு டிசெம்பரில் நத்தார் விருந்துக்கென்று தொடங்கிய குழு பத்து வருஷம் கழித்தும் அப்படியே கிடக்கும். இடைக்கிடை யாராவது உட்கார்ந்து இந்தக் குப்பையைக் கூட்டி அள்ள வேண்டும். இந்த முறை அது லியமின் தலையில் விழுந்திருந்தது.

அவன் காட்டிய பட்டியலில் ஒரு வரி. குழுவின் பெயர் பட்மின்டன். சொந்தக்காரர் வசந்தி. உறுப்பினர் ஒருவர், அதே வசந்தி. தொடங்கியது நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. அன்று முதல் அதற்கு ஒரு கடிதமும் வந்ததில்லை.

"ஒரு ஆளாக எப்படி விளையாடுகிறீர்கள்?" என்று சிரித்தான். "அழித்துவிடட்டுமா?"

"தொடாதே" என்றேன்.

அவன் திடுக்கிட்டுப் போனான். நான் குரலைத் தணித்து, வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தை நிரப்பித் தருகிறேன் என்றேன். பாவனையில் உள்ளது, பாவனையில் இல்லை என்று இரண்டு பெட்டி. ஒன்றில் புள்ளடி போட வேண்டும், அவ்வளவுதான் படிவம்.

2

யுத்தகாலத்தில் நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் இதே வேலையைத்தான் செய்தேன். ஈமெயில் என் பொறுப்பு. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டறை வீடு. பொலிஸ் பதிவுப் படிவத்தின் பிரதியைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தோம். வீட்டில் யார் யார், சொந்த ஊர் எது, கொழும்பில் ஏன் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி வந்து இரண்டு நாள் நின்றாலும் பதிய வேண்டும். என் கணவர் படிவம் நிரப்பும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று, "கையெழுத்தைப் போனமுறை மாதிரியே வையுங்கோ" என்று நச்சரிப்பேன்.

எனக்குப் பயம் பிறவிக்குணம். மின்னலைக் கண்டதும், இடிக்கு முன்னமே காதைப் பொத்துகிறவள் நான். நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இருப்பேன், சோதனைச் சாவடியில் கைப்பைக்குள் துழாவினால் சந்தேகப்படுவார்களென்று. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். எங்கள் மடியில் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அதை வாசித்ததும் "பஹின்ட" என்பார்கள், இறங்கு என்று. இறங்குவோம்.

பட்மின்டன் குழு ஜூட்டின் யோசனை. ஜூட் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன், தகப்பன் காலத்தில் இருந்தே துறைமுகத்தில் பிழைத்த குடும்பம். துறைமுக வாசலடியில் எங்கள் கம்பனிக்கு ஒரு கிளை இருந்தது. ஒரு அறை, ஒரு கொம்பியூட்டர், ஒரு மின்விசிறி. அங்கே கப்பல் பத்திரங்கள் பார்ப்பது அவன் வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவன். சிங்களம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாயைத் திறந்தால் தமிழனென்று யாரும் சொல்லமாட்டார்கள். அடையாள அட்டையைத் திறந்தால்தான் பிரச்சினை.

அந்த வருஷம் ஒரே மாதத்தில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் பிடிபட்டார்கள். ஒருவர் பஸ்ஸில், ஒருவர் தெஹிவளையில் வீட்டில் வைத்து, ஒருவர் ஜிந்துப்பிட்டியில் சுற்றிவளைப்பில். மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். எப்படி வந்தார்கள் என்பதை ஜூட் கவனித்து வைத்திருந்தான்.

"அக்கா, முதல் ரெண்டு மணித்தியாலம்தான் கணக்கு" என்றான். "அதுக்குள்ள ஒபிஸ் லெட்டரோட ஒரு ஆள் போய் நிண்டா விடுறாங்க. அதுக்குப் பிறகு வேற எங்கயாவது ஏத்திட்டுப் போயிடுறாங்க. பிறகு தேடிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது, ஜூட்?"

"ஒரு குரூப் போட்டுத் தாங்க. எங்கட ஆக்கள் எல்லாரும், பத்மா மிஸ்ஸும்."

பத்மா மிஸ் ஆளணிப் பிரிவின் தலைவி. சிங்களப் பெண்மணி. ஐந்து நிமிஷம் பிந்தி வந்தாலும் கணக்கு வைக்கிற கண்டிப்புக்காரி. அவரிடம் ஜூட் விஷயத்தைச் சொன்னபோது, கம்பனிக் கடிதத்தாள் ஒரு கட்டை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். "நான் போகிறேன். உங்களில் ஒருவரும் என் பின்னால் வரக்கூடாது, வந்தால் உங்களையும் சேர்த்து மீட்க வேண்டிவரும்" என்றார்.

'தமிழ் ஊழியர்' என்று குழுவுக்குப் பெயர் வைக்க எனக்கென்ன விசரா? எண்பத்து மூன்று கலவரத்தில் கையில் தமிழர் பட்டியலோடு வந்தவர்களைப் பற்றி என் பெரியப்பா குடும்பம் சொன்ன கதை நெஞ்சுக்குள் கிடந்தது. யோசித்து யோசித்து 'பட்மின்டன்' என்று வைத்தேன். இருபத்திரண்டு தமிழரும் பத்மா மிஸ்ஸும். ஒருவருக்கும் மட்டையைப் பிடிக்கத் தெரியாது.

கடிதம் எழுதும் முறையும் ஒன்று இருந்தது. 'கோர்ட் 6, 5.30' என்றால் கொழும்பு ஆறில், அதாவது வெள்ளவத்தையில், ஐந்தரைக்கு யாரையோ கொண்டுபோய்விட்டார்கள். 'கோர்ட் 13' என்றால் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கம். தெஹிவளைக்குக் கொழும்பு இலக்கம் கிடையாது, அதனால் அது 'வெளிக் கோர்ட்'. கடிதத்தைக் கண்டதும் பத்மா மிஸ் குடையை எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடிப்பார். ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தை மற்றவர் எழுதி வைக்கக்கூடாது. வீட்டாருக்கு விபரம் சொல்லக்கூடாது. அவர்களைக் கேட்டால் தெரியாதென்று உண்மையாகவே சொல்ல வேண்டும். "எனக்கு ஏதும் நடந்தால் ஒபிஸ் வரும், நீ அலையாதே" என்று மட்டும் சொல்லி வைக்கலாம்.

ஒருமுறை என்னையே இறக்கினார்கள். அதே பஸ்ஸில் இருந்த கணக்குப் பிரிவுப் பெண் அலுவலகத்துக்குச் சொல்ல, உடனே பட்மின்டன் குழுவுக்குக் கடிதம் போயிருக்கிறது. பொலிஸ் வாங்கில் உட்கார்ந்து, நாலு வயது மகள் அபியை யார் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வருவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிஷத்தில் வாசலில் குடை தெரிந்தது. "வசந்தி! றிப்போர்ட்டை முடிக்காமல் இங்கே வந்து குந்தியிருக்கிறாயா?" என்று பத்மா மிஸ் சிங்களத்தில் போட்ட சத்தத்தில் பொலிஸ்காரரே எழும்பி நின்றார். வெளியே வந்ததும் வீதியோரத்தில் சத்தி எடுத்தேன். மிஸ் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்தக் குழு இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

3

அபி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், மேற்படிப்பு. செவ்வாய் பின்னேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். பாதியைச் சொன்னேன்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் அ லிஸ்ட்" என்றாள்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். அவளுடைய தமிழ் மாணவர் சங்கம் எல்லா உறுப்பினர்களின் பெயரையும் படத்தையும், படிக்கும் இடத்தையும் உலகமே பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'தமிழர்'. அதில் என் மகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் குழறினேன்.

"உன்ர பேரை எடு! இப்பவே எடு!"

"யார் அம்மா வரப் போகினம்? இது மெல்பேர்ண்."

"ஆர் வருவினம் எண்டு தெரிஞ்சிருந்தா ஏன் பயப்பிடுறன்?"

அவள் பேரை எடுக்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்து, "யூ ஆர் சேஃப், அம்மா" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்குக் கொழும்பு ஞாபகம் இல்லை. அந்தப் பொலிஸ் வாங்கும் தெரியாது, குடையும் தெரியாது. அது நல்லதுதான் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு அவளோடு அன்று முழுக்கக் கோபம்.

இந்த நாட்டில் குடிசனக் கணக்கெடுப்புப் படிவம் வந்தால் ஒரு கேள்வி இருக்கும், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று. நல்ல நோக்கத்தோடு கேட்கிறார்கள், எங்கள் மொழியில் அறிவித்தல் அச்சடிப்பதற்காக. ஒவ்வொரு தடவையும் நான் பேனையைப் பிடித்தபடி அந்தக் கேள்வியில் நின்றுவிடுவேன். கடைசியில் என் கணவர் பேனையைப் பிடுங்கித் 'தமிழ்' என்று எழுதுவார். ஒருமுறை அவருக்குத் தெரியாமல் பிரதி எடுத்து வைத்தேன், பிறகு வந்து கேட்டால் அதையே திரும்பச் சொல்ல வேண்டுமே.

4

கொழும்பு அலுவலகத்தில் ஒருநாள் எனக்கு உத்தரவு வந்தது. குழுக்கள் கூடிவிட்டன, பாவிக்காதவற்றைத் துப்புரவாக்கு.

நான் வேலையில் கெட்டிக்காரி. இரண்டு நாளில் அழகான பட்டியல் ஒன்று தயாரித்தேன். குழுவின் பெயர், சொந்தக்காரர், உறுப்பினர்கள் யார் யார், வைத்திருப்பதா அழிப்பதா என்று புள்ளடி போட இரண்டு பெட்டி. கொம்பியூட்டர் தானாகவே எல்லாக் குழுவையும் எழுத்து வரிசையில் எடுத்துத் தந்தது. பன்னிரண்டு பிரதி அச்சடித்து, மூலையில் ஊசி குத்தி, ஒவ்வொரு பிரிவுத் தலைவரின் மேசையிலும் நானே கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு வந்து மீன் அடைத்த மாலு பண் ஒன்று சாப்பிட்டேன். அதைச் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் உறைத்தது.

கடவுளே. இருபத்திரண்டு தமிழரின் பெயர், ஒன்றின்கீழ் ஒன்றாக, எந்தப் பிரிவில் எந்த மாடியில் என்ற விபரத்தோடு. ஒளித்து வைத்தவளே அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதல்ல. ஓடினேன். ஒன்பது பிரதியை, எழுத்துப் பிழை இருக்கிறது என்று சொல்லித் திரும்ப எடுத்துவிட்டேன். இரண்டு பேர் பிரதியை உள்ளே வைத்து மேசையைப் பூட்டிவிட்டு வெளியே போயிருந்தார்கள். பன்னிரண்டாவது பிரதி மேஜரிடம் இருந்தது.

மேஜர் எங்கள் பாதுகாப்பு மனேஜர். இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த நடை, நரைத்த மீசை, யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. அடுத்த நாள், வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே என் மேசைக்கு வந்தார். கையில் என் பட்டியல். ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

"மிஸ், எங்கள் கம்பனியில் பட்மின்டன் இருக்கிறதா? இத்தனை வருஷம் எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்றார் சிங்களத்தில். பிறகு சிரித்தார். "மமத் செல்லம் கரனவா." நானும் விளையாடுகிறவன் என்கிறார்.

நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"எங்கே விளையாடுகிறீர்கள்? எந்த நாள்?" அவர் பெயர்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, சத்தமாக வாசித்தார். என் பெயர் வந்தது. ஜூட்டின் பெயர் வந்தது. "பத்மாவுமா?" என்று புருவத்தைத் தூக்கினார்.

"அது பழைய குழு, சேர். இப்போது ஒருவரும் விளையாடுவதில்லை."

"அப்படியென்றால் ஏன் இருக்கிறது?"

"இன்றைக்கு அழிக்கப் போகிறேன், சேர். அதற்காகத்தானே பட்டியல்."

"ஹொந்தாய்" என்றார். நல்லது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

5

பின்னேரம் மூன்று மணிக்கு அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கொம்பியூட்டர் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியதுபோல இருந்தது. அந்த நிம்மதியை மறைக்க மாட்டேன், அப்போது எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஈமெயிலில் அறிவித்தால் அதுவும் தடயம். ஆகவே படிக்கட்டிலும் கன்ரீனிலும் பெண்கள் கழுவுமிடத்திலும் ஒவ்வொருவராகப் பிடித்து, குழு இனி இல்லை, ஆபத்தென்றால் நேரே பத்மா மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுங்கோ என்று காதுக்குள் சொன்னேன். கடைசியாகப் பத்மா மிஸ்ஸிடம் போனேன். மேஜர் வந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஜூட்டுக்குச் சொல்லிவிட்டாயா?"

கிளை அலுவலகத் தொலைபேசியை யார் எடுப்பார்களோ, யார் ஒட்டுக் கேட்பார்களோ. திங்கட்கிழமை அவன் பத்திரங்கள் கொண்டு எப்படியும் இங்கே வருவான், நேரில் சொல்கிறேன் என்றேன். வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை. நடுவில் மூன்று நாள்தானே. நாலு மணி பஸ்ஸைப் பிடித்து, இருட்டுமுன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

விலாசம் பிழைத்த கடிதங்களின் பிரதிகள் எல்லாம் வந்து விழுவதற்கு ஒரு பெட்டி உண்டு. அதைத் திறந்து பார்ப்பது என் காலை வேலை. திங்கட்கிழமை திறந்தேன். ஜூட்டின் கடிதம் கிடந்தது. வியாழன் அனுப்பியது. ஒரே வரி.

'கோர்ட் 13, 4.20.'

நான் போட்ட சத்தத்தில் அந்த மாடியில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். பத்மா மிஸ் கடிதத்தை எடுத்துக்கொண்டு செருப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடினார். கொட்டாஞ்சேனைப் பொலிஸில் அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். இரண்டு மணித்தியாலம் எப்போதோ முடிந்துவிட்டது. மூன்றரை நாள் போய்விட்டது.

அங்கிருந்து கொட்டாஞ்சேனையில் ஜூட்டின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி ரீட்டா நல்ல சேலை உடுத்து, முன்கதவைத் திறந்து வைத்து, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாளாம். அவன் வீட்டுக்கு வராத வியாழன் பின்னேரத்தில் இருந்து அப்படியே. ஞாயிறு பூசைக்குக்கூடப் போகவில்லை, தான் இல்லாத நேரம் ஒபிஸ் ஆட்கள் வந்துவிட்டால் என்று.

"ஒபிஸ் வரும், நீ அலையாத எண்டு சொன்னாரு மிஸ்" என்றாளாம். "நான் எங்கயும் அலையல்ல."

பத்மா மிஸ் இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் செய்த வேலையைக் கேளுங்கள். நேரே மேஜரின் அறைக்குப் போனேன். பயத்தின் உச்சியில் ஒரு அசட்டுத் துணிச்சல் வருமே, அதுதான். "சேர், ஜூட் எங்கே?" என்றேன். அவர் என்னை இருக்கச் சொன்னார். அரை மணித்தியாலம் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். கடைசியில் ஒரு துண்டில் தெற்கே உள்ள ஒரு தடுப்பு முகாமின் பெயரை எழுதித் தந்தார். "உயிரோடு இருக்கிறான். வெளியே எடுப்பது என் கையில் இல்லை" என்றார். எழும்பும்போது அவருடைய அலுமாரிக்கு மேலே பார்த்தேன். இரண்டு பட்மின்டன் மட்டைகள், உறை போட்டு. பக்கத்தில் பிரிக்காத ஒரு குழாய் இறகுப் பந்து.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மனிதர் உண்மையாகவே விளையாடத்தான் கேட்டாரோ? அப்படியென்றால் அந்தத் தாளை ஏன் மடித்துப் பையில் வைத்தார்? எனக்கு இன்றுவரை தெரியாது. ஜூட்டைப் பிடித்ததற்கும் அந்தத் தாளுக்கும் தொடர்பு இருந்ததா என்பதும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது?

6

ஜூட் ஐந்து மாதத்தின் பின் வந்தான். பாதி ஆளாகியிருந்தான். தலைமை அலுவலகத்துக்கு வந்தவன் நேரே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். என்ன பாடு படுத்தினார்களோ என்று நினைத்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும், உன் கடிதம் போகாததற்கு நான்தான் காரணம் என்று. சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை. அந்தக் காலத்தில் இப்படியான கதைகளை வாயால் எடுக்க எல்லோருக்கும் பயம்.

அடுத்த வருஷம் எங்களுக்கு விசா வந்தது. ஜூட்டும் ரீட்டாவும் கொட்டாஞ்சேனையிலேயே இருந்துவிட்டார்கள். ஒவ்வொரு நத்தாருக்கும் வாழ்த்து அனுப்புவான். இதில் கேட்டிருப்பான், இந்த முறை கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு வாழ்த்தையும் திறப்பேன். கேக் படம் மட்டும்தான் இருக்கும்.

மெல்பேர்ணில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, பட்டியலைத் திறக்கும் அதிகாரம் கையில் வந்ததும், நான் முதலில் செய்தது 'பட்மின்டன்' என்று ஒரு குழு தொடங்கி என்னை அதில் போட்டதுதான். வேறு நாடு, வேறு கம்பனி, வேறு விலாசம். ஜூட்டின் கடிதம் இங்கே வரவே வராது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தப் பெயருக்குக் கடிதம் போட்டால் திரும்பிப் போகும் என்ற நிலையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை.

7

வியாழக்கிழமை பின்னேரம் ஜூட்டுக்கு அழைப்பு எடுத்தேன். கொழும்பில் அப்போது மத்தியானம். பின்னால் கொட்டாஞ்சேனை ஓட்டோக்களின் சத்தம் கேட்டது. சுகம் விசாரித்தோம். ரீட்டாவுக்குச் சீனி வருத்தமாம். பத்மா மிஸ் கால் ஏலாமல் மகனோடு இருக்கிறாராம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.

"ஜூட், அந்தக் குரூப்பை நான்தான் அழிச்சனான். அண்டைக்கு மூண்டு மணிக்கு. உமக்குச் சொல்லாமல் விட்டிட்டன். பயத்தில செய்திட்டன். உம்மட மெயில் ஒருத்தருக்கும் போகேல்லை."

 

"அது போகல்ல எண்டு எனக்கு அப்பவே தெரியும் அக்கா" என்றான். "ரெண்டு பேர் பக்கத்தில நிக்கிறாங்க. கொம்பியூட்டர ஓஃப் பண்ணிட்டு வாறன் எண்டு சொல்லித்தான் அத அடிச்சேன். உடனேயே திரும்பி வந்திட்டு. அப்படி ஒரு விலாசம் இல்ல எண்டு. என்ட கண்ணால பாத்தேன்."

"ஐயோ, கடவுளே."

"குரூப்பே இல்லையெண்டா என்ன அர்த்தம்? லிஸ்ட் பிடிபட்டுட்டு. உங்க எல்லாரையும் ஏத்திட்டாங்க. நான்தான் கடைசி ஆள். அப்படித்தான் நெனச்சேன் அக்கா."

அவன் நிறுத்தாமல் சொன்னான்.

"உள்ள வச்சு உங்கட பேர் ஒண்டையும் அவங்க கேக்கல்ல. அதுதான் பெரிய பயம். எல்லாரும் கையில இருக்கபடியாத்தான் கேக்கல்ல எண்டு நெனச்சேன். பக்கத்து அறையில ஒரு பொம்பள கத்தினா, அது நீங்களோ எண்டு காதக் குடுத்துக் கேப்பேன். சின்னப் புள்ள இருக்கே, அபிய யார் பாக்குறாங்களோ எண்டு யோசிப்பேன். அஞ்சு மாசம். வெளிய வந்து பாத்தா, நீங்க மேசையில இருந்து பிளேன்டீ குடிச்சிட்டு இருக்கிறீங்க. அதான் அண்டைக்கு அப்படி அழுதேன்."

நான் குழறி அழுதேன். சமையலறையில் இருந்த என் கணவர் ஓடி வந்தார், யாரோ செத்துப்போனார்களாக்கும் என்று. அவரைக் கையால் விலத்திவிட்டு, இங்கே நான் தொடங்கிய குழுவைப் பற்றியும், லியமின் படிவத்தைப் பற்றியும் ஜூட்டிடம் சொன்னேன்.

"இப்ப அந்தக் குரூப்புல யார் யார் இருக்கிறது?" என்று கேட்டான்.

"நான் மட்டும்தான்."

"என்னையும் போடுங்க அக்கா."

வெள்ளிக்கிழமை காலை போட்டேன். வெளி விலாசத்தைச் சேர்ப்பதற்கு லியமின் அனுமதி வேண்டும். அவன் ஜூட்டின் பெயரைப் பார்த்துவிட்டு, "ஓ, கடைசியில் எதிரணிக்கு ஒரு ஆள்!" என்று கைதட்டினான். படிவத்தில் 'பாவனையில் உள்ளது' என்ற பெட்டியில் புள்ளடி போட்டுக் கொடுத்தேன்.

பிறகு பட்மின்டன் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன், முதலாவது கடிதம். என்ன எழுதுவதென்று தெரியாமல், 'கோர்ட் 13, வசந்தி' என்று மட்டும் அடித்தேன். அனுப்பிவிட்டு, திரும்பி வந்துவிடுமோ என்று திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஜூட்டும் அன்றைக்கு இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான், பக்கத்தில் இரண்டு பேரோடு. ஒரு நிமிஷம் போனது. தேத்தண்ணி ஆறிவிட்டது. லியம் ஏதோ கேட்டான், காதில் விழவில்லை. ஐந்து நிமிஷம் போனது.

திரும்பி வரவில்லை.